கார்டில் ஒன்று, திரையில் மூன்று

பச்சைக் கோடு பாதியில் நிற்கிறது. நான் பார்த்துக்கொண்டிருக்கும் வரை நகர மாட்டேன் என்று அதற்கு ஒரு பிடிவாதம். அடுப்பில் வைத்த பாலும் இப்படித்தான், பக்கத்தில் நிற்கிற வரைக்கும் பொங்காது, திரும்பினால் மேடையெல்லாம் பால். அடுப்பு. காலையில் அணைத்தேனா. அணைத்தேன், குமிழைத் திருகிய விரல் ஞாபகம் இருக்கிறது, ஆனால் அது இன்றைய விரலா நேற்றைய விரலா என்று யார் சொல்வது, தினமும் திருகுகிற குமிழ், தினமும் ஒரே விரல். சரி, அதை விடு. கோட்டைப் பார். மெமரி சோதனை நடக்கிறது, தயவுசெய்து காத்திருக்கவும் என்கிறது லேப்டாப், தயவாம், மத்தியானச் சாப்பாட்டிலிருந்து காத்திருக்கிறேன். ஸ்டூல் ஆடுகிறது. பேனல் ரூமில் ஏசி எனக்காக இல்லை, பேனலுக்காக, அதனால் பேனலைப் பார்த்து ஊதுகிறது, எனக்கு முதுகெல்லாம் வியர்வை, முன்பக்கம் மார்பு கட்டிக்கொண்டு வலி. செரினுக்குப் பால் கொடுக்கும் நேரம் தாண்டிவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம், ஒரு சிமெண்ட் ரோடு, ஒரு வேப்பமரம், அதைத் தாண்டிப் பிள்ளைகள் காப்பகம், அதில் என் மகள், பத்து மாதம், இந்நேரம் பேச்சியக்காவின் கழுத்துக் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பாள். காப்பகத்துக்கு இந்தப் பக்கம், அதே வேப்பமரத்தின் இன்னொரு நிழலில், குளோரின் தொட்டிகள். இதுதான் கணக்கு. தொட்டி, மரம், பிள்ளை. இதை வரைந்தவன் எவனோ அவனுக்குப் பிள்ளை கிடையாது, இல்லை இருந்தால் அது வேறு ஊரில் படிக்கிறது.

திரையின் மூலையில் அந்த எண் இருக்கிறது. மூன்று. அது ஒன்றாக இருக்க வேண்டும். பத்து லட்சம் பங்கு காற்றில் ஒரு பங்கு குளோரின் கலந்தாலே டிடெக்டர் கண்டுபிடிக்கும், கண்டுபிடித்ததும் பெரிய புளோயர் ஓடி வாயுவை உறிஞ்சி காஸ்டிக் தொட்டிக்குள் தள்ளும், இதற்கெல்லாம் உத்தரவு கொடுப்பது இந்த அலமாரிக்குள் இருக்கிற கன்ட்ரோலர். எந்த அளவில் புளோயரை எழுப்புவது என்பதுதான் அந்த எண். முன்பு மூன்று என்று இருந்தது. காப்பகம் கட்டிய பிறகு நான்தான் சண்டை போட்டு ஒன்று என்று மாற்றினேன், மெமரி கார்டில் சேமித்தேன், பிறகு பிரசவத்துக்குப் போனேன். சேமித்தேன். கார்டைப் படிக்க முடியாவிட்டால் இந்த மெஷின் சும்மா இருக்காது, தன் வயிற்றுக்குள் எப்போதோ போட்டு வைத்த பழைய பிரதியை எடுத்து ஓட ஆரம்பித்துவிடும். பழைய பிரதியில் மூன்று. கரண்ட் ஒரு நொடி போய் வந்தால் போதும், கார்டைத் தேடும், சில நாள் கிடைக்கும், சில நாள் கிடைக்காது, கிடைக்காத நாளில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும், அவ்வளவுதான், சைரன் கிடையாது, மணி கிடையாது, இந்த ரூமில் மஞ்சள் விளக்கு எரிவது சுவரில் பல்லி இருப்பது மாதிரி. மூன்று வரும்வரை புளோயர் தூங்கும். மூன்று வருவதற்குள் வாயு எங்கே போயிருக்கும். மரத்தைத் தாண்டியிருக்கும். குளோரின் காற்றைவிடக் கனம், தரையோடு தரையாகத்தான் வரும், தரையில்தான் பிள்ளைகள் தவழும். இதை நினைக்காதே. கோட்டைப் பார். கோடு ஒரு மயிரிழை நகர்ந்திருக்கிறதா, இல்லை என் கண்தான் ஆடுகிறதா.

மகராஜன் சாருக்கு இதெல்லாம் வேண்டாம். மேனேஜர் அவர், அவருக்கு வேண்டியது ராத்திரிக்குள் பிளாண்ட் ஓடுவதுதான். காலையில் கரண்ட் போய் வந்ததும் திரையில் மூன்றைப் பார்த்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ரொம்ப அன்பாகப் பேசினார், அந்த அன்பைத்தான் தாங்க முடியவில்லை. கார்டு கெட்டுப் போகவில்லையாம், நான் சேமிக்க மறந்திருப்பேனாம். பிள்ளை பெற்ற புதிதில் எல்லோருக்கும் வருவதுதானாம், அவர் வீட்டம்மா ஒரு தடவை பால் பாட்டிலை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுச் சாவியை ஃப்ரிட்ஜில் வைத்தாராம். சிரித்தார். நானும் சிரித்தேன், ஏன் சிரித்தேன். சார், போன மாதமும் இதே வந்தது, அப்போதும் சனிக்கிழமை, நான் கார்டைக் கழற்றி மாட்டினேன், ஒன்று வந்தது, கார்டில் ஒன்று இல்லாமலா வந்தது என்றேன். அதற்கு அவர், "கழற்றி மாட்டினா சரியாகுதுன்னா அது ஃபால்ட்டே இல்லம்மா. அந்த நேரத்துல நீயே ஒன்னுன்னு அடிச்சிருப்ப, அதையும் மறந்திருப்ப" என்றார். மறக்கவில்லை என்று சொன்னால் அதையும் மறந்திருப்பேன். இனி நான் எதைச் சொன்னாலும் அதற்குப் பின்னால் நான் மறந்த இன்னொன்று நின்றுகொண்டிருக்கும். சாயங்காலச் சைரன் அடிப்பதற்குள் கார்டில்தான் கோளாறு என்று காட்டு, இல்லையென்றால் சேமிக்காதது என் தவறு என்று கையெழுத்துப் போடு, திங்கட்கிழமை சென்னையிலிருந்து ஒரு பையனை வரவழைத்து பேனலை அவனிடம் கொடுத்துவிடலாம், நீ கொஞ்ச நாள் ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொள், வேலை லேசு, பிள்ளையையும் பார்த்துக்கொள்ளலாம் என்றார். மூன்றைக் கையால் ஒன்றாக மாற்றிவிட்டு ராத்திரி ஓட்டுவார்கள். அடுத்த தடவை கரண்ட் கண் சிமிட்டியதும் அது சத்தமில்லாமல் மூன்றுக்குத் திரும்பும். நான் ஸ்டோர்ஸில் போல்ட் நட்டு எண்ணிக்கொண்டிருப்பேன்.

மறதி இல்லை என்று அடித்துச் சொல்லவும் முடியவில்லை, அதுதான் எரிச்சல். போன வாரம் மாமியாருக்குப் போட வேண்டிய பிரஷர் மாத்திரையை இரண்டு தடவை எடுத்துக் கொடுத்தேன், நல்லவேளை மாமி தன் நாக்கை நம்புகிறவர், "ஏட்டி, இப்பத்தான கசந்துச்சு" என்றார். பிள்ளை பெத்தவளுக்கு மூளையில் பாதி பாலோடு போய்விடும் என்பது மாமியின் விஞ்ஞானம். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கண்டெய்னர் எண்களை வாங்கி எழுதுகிறவர், ஒரு எண் தப்பாது அவருக்கு, நான் மறந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார், பார்ப்பார், கண்டெய்னரைப் பார்ப்பதுபோல. பள்ளிக்கூடத்தில் நான் அப்படியா இருந்தேன். மறைக்கல்விப் பரிட்சையில் புத்தகம் முழுவதையும் அப்படியே ஒப்பித்தவள். சிஸ்டர் எமரன்சியா சனிக்கிழமை சாயங்காலம் எங்களைச் சிற்றாலயத்தில் முழங்காலில் நிறுத்தி, ஆத்தும சோதனை செய்யுங்கள், ஒரு பாவம் விடாமல் ஞாபகப்படுத்துங்கள் என்பார், பிறகு வரிசையாகப் பாவசங்கீர்த்தனத்துக்கு, ஃபாதர் காதில் பாவத்தைச் சொல்ல. ஞாபகம் வராத பாவத்தை என்ன செய்வது சிஸ்டர் என்று நான்தான் கேட்டேன். அதையும் ஆண்டவர் மன்னிப்பார், ஆனால் வேண்டுமென்றே மறந்தால் மன்னிக்க மாட்டார் என்றார். அன்று ராத்திரி முழுக்க நான் எதை வேண்டுமென்றே மறந்தேன் என்று தேடினேன். இப்போதும் சனிக்கிழமைதான். ஆத்தும சோதனைதான். பச்சைக் கோடு.

சேமித்தேனா. அந்த நாளை எடு. ஒன்பதாம் மாதம், கடைசி வேலை நாள். வயிறு பேனல் கதவில் இடித்தது, பக்கவாட்டில் நின்று டைப் அடித்தேன். ஒன்று. என்ட்டர். கார்டில் எழுதவா என்று கேட்டது, ஆமாம். எழுதி முடித்தது என்று வந்தது, அந்த நீலக் கட்டம், அதன் மூலையில் ஒரு கொசு உட்கார்ந்திருந்தது, கொசு ஞாபகம் இருக்கிறது, கொசுவை யாரும் இட்டுக்கட்ட மாட்டார்கள். அதற்குப் பிறகு. அதற்குப் பிறகு என்ன. கைப்பையை எடுத்திருப்பேன். வெளியே வந்திருப்பேன். வந்த ஞாபகம் இல்லை. நீலக் கட்டத்திலிருந்து நேராக ஆஸ்பத்திரி மின்விசிறிக்குத் தாவுகிறது, நடுவில் ஒரு வாரம் இருந்திருக்க வேண்டும், அந்த வாரத்தை யாரோ கிழித்துப் போட்டுவிட்டார்கள். ஒரு வாரம் காணாமல் போகுமென்றால் ஒரு கொசு ஏன் வந்து சேராது. இல்லை. சேமித்தேன். புனேவில் இருக்கிற சர்வீஸ் பையனிடமும் இதைத்தான் சொன்னேன், போன மாதம் ஒரு தடவை, இன்று காலையில் ஒரு தடவை. அவன் இரண்டு தடவையும் ஒரே மாதிரி, மேடம் கார்டு மாட்யூலைக் கழற்றி மாட்டிப் பாருங்கள் என்றான். கழற்றி மாட்டினால் வேலை செய்யும் தம்பி, அதனால்தான் கழற்றவில்லை, கழற்றினால் சாட்சி போய்விடும் என்றேன். வேலை செய்தால் நல்லதுதானே மேடம் என்றான். நல்லதுதான். தொட்டால் சரியாகும், விட்டால் கெடும், டாக்டர் வீட்டு வாசலில் காய்ச்சல் இறங்கிப்போகிற பிள்ளை மாதிரி ஒரு மெஷின். அதனால்தான் கை வைக்காமல், கார்டை ஆட்டாமல், இந்தச் சோதனையை ஓட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். கெட்டிருந்தால் கெட்ட நிலையிலேயே பிடிபடட்டும்.

போன் அடித்தது. காப்பகம். கையில் ஆரஞ்சு ரப்பர் கையுறை, பேனல் கதவு திறந்திருந்தால் போட்டே ஆக வேண்டும் என்பது இங்கே சட்டம், அந்த விரலுக்குப் போன் திரை அசையாது, பல்லால் இழுத்துக் கழற்றிவிட்டு எடுத்தேன். பேச்சியக்கா. ஒன்றுமில்லையாம், செரின் கஞ்சி குடித்துவிட்டாளாம், நான் பயப்படுவேன் என்று சொல்லத்தான் போன் போட்டாராம். பயப்படுவேன் என்று பயமுறுத்துகிறார்கள். நேற்று வைத்த பொட்டை வீட்டில் வைத்துச் சோப்புப் போட்டுத் தேய்த்தீர்களா, பிள்ளைக்கு நெற்றி சிவந்து கிடக்கிறது, தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடையுங்கள் என்றார். அது வேறு. வெள்ளிக்கிழமையானால் பிளாண்டில் பூஜை, செரின் நெற்றியில் பன்னீரில் குழைத்த சந்தனமும் குங்குமமும், ஒரு ரூபாய் அகலத்துக்கு. மாமி பார்த்தால், பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தது எதற்கு என்று ஆரம்பிப்பார், ஆகவே பஸ் ஸ்டாப்பில் நின்றே ஈரத் துணியால் துடைத்துவிடுவேன். துடைத்தாலும் போகாது, சந்தனம் காய்ந்து பொருக்காகிவிடும், குங்குமம் என் விரல் ரேகைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், சனிக்கிழமை வரைக்கும் சோற்றில் பன்னீர் வாசம். போனை வைத்துவிட்டுத் திரும்பினால், நான் முதுகைக் காட்டிய அந்த இரண்டு நிமிடத்தில், கோடு முடிந்திருக்கிறது. பாஸ். பிழை எதுவும் இல்லை. எழுந்து நின்று லேப்டாப்பை மூடிவிடலாம் போலிருந்தது, மூடவில்லை, ஆடுகிற ஸ்டூலைக் காலால் தள்ளினேன், அது போய்ச் சுவரில் இடித்தது. பிழை இல்லை. அப்படியானால் பிழை யார். மெஷினைக் கேட்டாயிற்று, அது தெளிவாகச் சொல்லிவிட்டது. ஒரு கையெழுத்து. ஸ்டோர்ஸ். போல்ட் நட்டு. ராத்திரி கரண்ட் போகும், வரும். மஞ்சள் விளக்கு. பல்லி.

இனி எதற்குச் சாட்சி. பவரை அணைத்தேன், சின்ன மூடியைத் திறந்தேன், கார்டைப் பிடித்து இழுத்தேன், கையுறை மேஜை மேல் கிடப்பது இழுத்த பிறகுதான் தெரிந்தது. வெறும் விரல். விரலில் சிவப்பு. ரத்தம் என்றுதான் முதலில் நினைத்தேன், எங்கே கீறியது என்று தேடினேன், வலிக்கவில்லை. கார்டு மெஷினைத் தொடுகிற பித்தளைப் பற்களுக்கு மேலே மஞ்சளாக ஒரு பொருக்கு, ஓரத்தில் சிவப்பு, ஒரு பல்லின் இடுக்கில் ஈரம் இன்னும் காயவில்லை. முகர்ந்தேன். பன்னீர். என் மகளின் நெற்றி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஈரம், அதுவரை படிக்கும், சனிக்கிழமை காலையில் காய்ந்து பல்லை மறைக்கும், கழற்றி மாட்டினால் உரசிக் கொஞ்சம் விலகும், பிறகு ஒன்று வரும், திரும்ப வெள்ளி. சோதனை மெஷினின் வயிற்றைத்தான் தடவிப் பார்த்தது, கார்டின் பல்லை இல்லை. போன மாதமும் கழற்றினேனே, எப்படித் தெரியாமல் போனது. ஆரஞ்சுக் கையுறையில் குங்குமம் தெரியாது. ரப்பருக்கு ஈரமும் தெரியாது. சட்டப்படி வேலை பார்த்தேன், சட்டப்படி குருடாக இருந்தேன். ஸ்பிரிட் தொட்ட துணியால் ஒவ்வொரு பல்லாகத் துடைத்தேன், செரினின் நெற்றியைத் துடைப்பதைவிடப் பொறுமையாக, கார்டு மாட்டுகிற பள்ளத்தையும் துடைத்தேன். மாட்டினேன். பவர். மஞ்சள் விளக்கு எரியவில்லை, திரை கறுப்பு, திரை நீலம், ஒன்று. நான் டைப் அடிக்கவில்லை. கீபோர்டு எட்டத்தில் இருந்தது, கை இரண்டும் என் வயிற்றில் இருந்தன. ஒன்று கார்டுக்குள்தான் இருந்தது, பத்து மாதமாக. கொசு உண்மை. நான் சேமித்தேன்.

பொன்பாண்டியண்ணனைக் கூப்பிட்டேன். ஷிப்டு ஆபரேட்டர், வெள்ளிக்கிழமை பூஜை அவர் பொறுப்பு, தட்டை எடுத்துக்கொண்டு பாய்லர், கம்ப்ரஸர், பேனல் ரூம் என்று ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்து, கடைசியாகக் காப்பகத்து வாசலில் முடிப்பார். டீ கிளாஸோடு வந்தார். தொண்டை வரைக்கும் கோபம் இருந்தது எனக்கு, போன மாதச் சனிக்கிழமையிலிருந்து சேர்த்து வைத்த கோபம், யாராவது ஒருவர் மேல் கொட்டியாக வேண்டும். விரலைக் காட்டி, இந்தக் கார்டைக் கழற்றினீர்களா அண்ணே என்று கேட்டேன். அவர் முகத்தில் ஒரு தயக்கமும் இல்லை. நான் பண்ணுவதைப் பார்த்துக் கற்றுக்கொண்டாராம், பவரை அணைத்துவிட்டுத்தான் எடுப்பாராம், பொட்டு வைத்து நோகாமல் மாட்டிவிடுவாராம், ஒரு வெள்ளி விட்டதில்லையாம். கதவில் வைத்தால் போதாதா, உள்ளே இதற்கு வைக்கச் சொன்னது யார் என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"நீங்கதான மேடம்" என்றார். "லீவுல போற அன்னைக்கு இங்கனதான் நின்னீங்க, வயித்தப் புடிச்சுக்கிட்டு. அண்ணே, எல்லாம் இந்தக் கார்டுக்குள்ளதான் இருக்கு, நான் திரும்பி வருத வரைக்கும் பாத்துக்கிடுங்கன்னு சொன்னீங்க. எனக்கு வேற எப்பிடிப் பாத்துக்கிடத் தெரியும்?"

சொன்னேனா. நீலக் கட்டம், கொசு, அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி மின்விசிறி. நடுவில் இவர் நிற்கிறார் என்கிறார். என் வாயில் ஒரு வாக்கியம் இருந்தது என்கிறார். இவர் பொய் சொல்கிறவர் இல்லை, அந்த வாக்கியத்தை எனக்குத் தெரியவும் இல்லை. இப்போதுதான், ஐந்து நிமிடம் முன்புதான், நான் எதையும் மறக்கவில்லை என்று என் பக்கம் தீர்ப்பாகியிருந்தது, ஐந்து நிமிடமாவது அதை வைத்துக்கொண்டிருக்க விட்டார்களா. மகராஜன் சார் அப்போதுதான் உள்ளே வந்தார், பேனாவை எடுத்துக்கொண்டே வந்தார். திரையைக் காட்டினேன். பவரை அணைத்துப் போட்டுக் காட்டினேன், ஒன்று. கார்டின் பற்களில் அழுக்கு சார், நான் சேமித்துத்தான் போயிருக்கிறேன், கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். என்ன அழுக்கு என்றார். பொன்பாண்டியண்ணன் டீ கிளாஸைப் பார்த்தார். தூசி என்றேன், இந்த மூடிக்கு ஒரு பூட்டு வேண்டும், சாவி என்னிடம் இருக்கும். சாவியைப் பத்திரமா வச்சுக்கம்மா, ஃப்ரிட்ஜுல வச்சுராத என்று சிரித்துவிட்டுப் போனார் சார். இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை.

அவர் போன பிறகு, இனிப் பொட்டு கதவுக்கு வெளியேதான் என்றேன் அண்ணனிடம். தலையாட்டினார். பாப்பாவுக்கு வைக்கலாமா மேடம் என்றார். அதை மாமியிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றேன், பேசப்போவதில்லை, பஸ் ஸ்டாப்பில் துடைக்கத்தான் போகிறேன். அவர் கதவு வரைக்கும் போய்விட்டார். கேட்காமல் விட்டிருக்கலாம்.

"அண்ணே, அன்னைக்கு வேற என்ன சொன்னேன்?"

கதவைப் பிடித்துக்கொண்டு யோசித்தார், நிஜமாகவே யோசித்தார்.

"வேற ஒன்னும் சொல்லல மேடம். ரொம்ப நேரம் அழுதீங்க."

கதவு மூடிக்கொண்டது. ஏசி பேனலைப் பார்த்து ஊதியது. சாயங்காலச் சைரன் அடித்தது, வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் எல்லாம் ஒன்றாகக் கத்துவது கேட்டது, அதில் எது செரின் என்று பிரிக்க முடியவில்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன். கையுறையை ஆணியில் மாட்டினேன். திரையில் ஒன்று. பையோடு நின்றபடியே, இன்னும் ஒரு தடவை, பவரை அணைத்துப் போட்டேன்.